டெர்பியும் டிக்கெட்டும்

இந்தியன் டெர்பி நல்ல குதிரைப் பந்தயம். அதன்மேல் கட்டும் பணம் வேறு கதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியே தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டாக வாதாடி வருகிறோம்.

முதலில் பந்தயம். இங்கிலாந்தின் எப்சம் டெர்பி 1780-இல் பிறந்தது. நம்முடையது 1943-இல், உலகப்போர் நடுவே, பம்பாய் மகாலட்சுமி மைதானத்தில் தொடங்கியது. பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண்குதிரை ஜெயித்தது. ஓட்டியவர் எட்கர் பிரிட். தூரம் 2400 மீட்டர். நான்கு வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். அதாவது ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒரே வாய்ப்பு. தோற்றால் அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை. எப்சத்தில் மூன்று வயதிலேயே ஓடவிடுகிறார்கள். எலும்பு முற்றக் கூடுதல் காலம் தரும் நம் விதி எனக்கு மேலாகவே படுகிறது. வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் நிதானம் எல்லாம் அந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும். சாட்டையடியை மட்டும் எந்த நியாயத்தாலும் மூட முடியாது.

இனி பணம் கட்டும் டிக்கெட். ரேஸ் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் சென்னைக் கிண்டி மைதானம்தான். சென்னையில் 1777-லேயே குதிரை ஓடியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் வந்தது. கருணாநிதி அரசு 1974-இல் தடைச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டது. 1996 ஜனவரியில், லட்சுமணன் என்பவரின் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். குதிரையின் பரம்பரையையும் பழைய ஓட்டங்களையும் படித்தவன் சரியாகக் கணிக்க முடியும் என்பது வாதம்.

வாதம் சரி, கணக்கு இடிக்கிறது. டோட்டலைசேட்டர் என்ற பந்தயம் கட்டும் முறையில் எல்லாருடைய பணமும் ஒரே தொட்டியில் விழுகிறது. வரியும் கிளப் கமிஷனும் எடுத்த மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்கு. பணம் கட்டிய அத்தனை பேரும் மேதைகளாக மாறினாலும் தொட்டியில் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. ஒருவனுடைய திறமை இன்னொருவனுடைய பையிலிருந்துதான் சம்பாதிக்க வேண்டும். அந்த இன்னொருவன் பெரும்பாலும் வாரக்கூலிக்காரன். பந்தயப் பணத்தின் மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காடாக இருந்தது, 2025 செப்டம்பரில் 40 ஆனது. அரசு ஒரு கையால் கண்டித்து மறு கையால் வாங்கிக்கொள்கிறது.

2024 செப்டம்பரில் குத்தகைப் பாக்கிக்காகக் கிண்டி மைதானத்தை அரசு பூட்டியது. சுமார் 160 ஏக்கர் மீண்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அது நில வழக்கு; பந்தயம் கட்டுவது பற்றிய தீர்ப்பாக யாரும் அதைக் காட்ட வேண்டாம். பணம் கட்டும் பழக்கத்துக்கு இப்போது மைதானமே தேவையில்லை, கைப்பேசி போதும்.

டெர்பி ஓடட்டும். டிக்கெட் விற்கும் ஒவ்வொரு ஜன்னலிலும், நூறு ரூபாய்க்கு வரியும் கமிஷனும் எவ்வளவு போகிறது என்று கொட்டை எழுத்தில் எழுதிவைக்க அரசு உத்தரவிட வேண்டும்.