கொடுத்த கையும் குடித்த நினைவும்

காப்பியைப் புகழும் கட்டுரை ஒன்றேனும் இல்லாத சங்க மலரைக் காண்பது அரிது. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம்மவர் ஊர் நினைவை எழுதப் புகுந்தால், ஆற்றங்கரைக்கும் கோயில் வீதிக்கும் அடுத்தபடியாக டபராவும் தம்ளரும் வந்து நிற்கும். முதல் டிகாக்ஷனின் கருமை, பசும்பாலின் தடிப்பு, ஆற்றும்போது எழும் நுரை ஆகியவை விரிவாக வருணிக்கப்படும். படிக்கும் நமக்கும் நாவூறும். ஆயினும் மலரை மூடி வைத்தபின் சில வினாக்கள் எஞ்சுகின்றன. அந்தக் காப்பியைக் கலந்து தந்தவர் யார்? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவர் யார்? அவர் தம் பங்கை எப்போது குடித்தார்? பெரும்பாலான கட்டுரைகளில் இவற்றுக்கு விடை இராது. காப்பி தானே நடந்து வந்து மேசைமேல் அமர்ந்தது போலவே எழுதி விடுகிறோம்.

அன்றாடம் பருகும் பொருள்களைத் தமிழ் இலக்கியம் எவ்வாறு நினைவுகூர்கிறது என்று ஆராய்ந்தால், இக்குறையை நாம் மரபிலிருந்து பெறவில்லை என்பது விளங்கும். பாலாயினும் கள்ளாயினும் வெறும் தண்ணீராயினும், நம் சிறந்த புலவர்களும் கதையாசிரியர்களும் சுவையைச் சில சொற்களில் கடந்துவிட்டு, கொடுத்த கையையே நின்று நோக்குகின்றனர். அவர்கள் எழுத்தில் பருகிய பொருளின் நினைவு என்பது, தந்தவருக்கும் கொண்டவருக்கும் இடையே இருந்த உறவின் நினைவாகும். பழமையும் புதுமையுமான சில சான்றுகளால் இதனை விளக்குவதே என் நோக்கம்.

பாலும் கலங்கல் நீரும்

நற்றிணையின் 110ஆம் பாட்டைப் பாடியவர் போதனார். தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, அச்சுறுத்தச் சிறு கோலொன்றையும் கையிற்கொண்டு, குடிக்குமாறு வேண்டிச் செவிலியர் பின்தொடர்கின்றனர். சிறுமியோ குடிக்க மறுத்துப் பந்தலுக்கு ஓடுகிறாள். நரை கூடிய அம்முதியவர்கள் ஓடிக் களைத்துப்போகின்றனர். அந்தச் சிறுமியே மணமாகிச் சென்றபின், கணவன் குடி வறுமையுற்ற காலத்தில், தந்தை வீட்டு வளமான சோற்றை எண்ணாமல் ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்ணும் திண்மை பெறுகிறாள். இத்துணை அறிவை எங்ஙனம் கற்றாள் என்று பெற்ற உள்ளம் வியக்கிறது.

இப்பாட்டில் வரும் பால் யாருடைய நினைவில் இருக்கிறது? குடிக்க மறுத்தவள் நினைவில் இல்லை. கலமேந்தி ஓடியவர்களின் பக்கத்தில் இருக்கிறது. மகள் எண்ணாமல் விட்ட பாலைத் தாயர் மறக்கவில்லை. குடிக்கப்படாத ஒரு கிண்ணம் பால் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே சொல்லிவிடுகிறது.

இதற்கு மறுமொழி போல அமைந்தது ஐங்குறுநூற்றின் 203ஆம் பாட்டு. குறிஞ்சித்திணையில் கபிலர் பாடியது. தலைவனுடன் சென்று மீண்டு வந்த தலைவியிடம் தோழி, அந்நாட்டு நீர் இனியதன்றே, எப்படிக் குடித்தாய் என்று வினவுகிறாள். தலைவி தரும் விடை இது: தழை மூடிய குழியில், மான்கள் குடித்து எஞ்சிக் கலங்கிக் கிடக்கும் அவர் நாட்டு நீர், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும் இனியது.

இரு பாட்டுகளிலும் தேன் கலந்த பாலே வருகிறது. ஒன்றில் அது தாயின் நினைவு. மற்றொன்றில் மகளின் அளவுகோல். கலங்கல் நீருக்கு இனிமை எங்கிருந்து வந்தது என்பதைக் கபிலர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் இல்லை. அது 'அவர்' நாட்டு நீர். சுவை நாவில் இருப்பதாக நாம் கருதுகிறோம். அது உறவில் இருப்பதாகக் கபிலர் கருதினார். பிறந்த ஊரை நீங்கி வேற்றூர்த் தண்ணீருக்குப் பழகிய ஒவ்வொருவருக்கும் இந்தப் பாட்டு நெருக்கமானது. ஊர் நினைவை எழுதும் நாம் ஒன்றைக் கருத வேண்டும்: தலைவி பிறந்தகத்துப் பாலைப் பழிக்கவுமில்லை, புகுந்த நாட்டு நீரைச் சகித்துக்கொண்டதாகச் சொல்லவுமில்லை.

வார்த்த கை

கலித்தொகையின் 51ஆம் பாட்டில் வருவது தண்ணீர் மட்டுமே. சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்தும், கூந்தலில் சூடிய மாலையை அறுத்தும், பந்தைப் பறித்தோடியும் தொல்லை தந்த ஒருவன், ஒருநாள் வீட்டு வாயிலில் நின்று குடிக்க நீர் கேட்கிறான். தாய் பொற்கலத்தைக் கொடுத்து மகளை அனுப்புகிறாள். நீர் வார்க்கச் சென்றவளின் வளையணிந்த முன்கையை அவன் பற்றுகிறான். அவள் அலறுகிறாள். தாய் பதறி ஓடிவர, நீர் குடிக்கையில் இவருக்கு விக்கல் எடுத்தது என்று மகள் மறைத்துவிடுகிறாள். தாயோ அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் நோக்கி நகைக்கிறான்.

குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத ஒரு வீட்டு ஒழுக்கத்தின்மேல்தான் இந்த நாடகம் முழுவதும் நிற்கிறது. வந்தவன் யாரென்று தாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாட்டு இல்லை. வார்க்கும் கைக்கும் ஏந்தும் கைக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறுகியது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. இத்தொலைவை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

புறநானூற்றின் 235ஆம் பாட்டில், அதியமான் இறந்தபின் ஔவையார் அவனை நினைந்து அழும்போது அவர் உள்ளத்தில் முதலில் எழுவது போர்க்களம் அன்று, கள். சிறிதளவே கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் யாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்பது அவர் கூறும் செய்தி. கள்ளின் சுவை பற்றி ஒரு சொல் இல்லை. அதனை அவன் பங்கிட்ட முறையே இரங்கற்பாவாகிறது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் அப்பூதியடிகள் இவ்வறத்தை இன்னும் ஒரு படி உயர்த்துகிறார். திங்களூரில் அவர் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்குத் தம் பெயரை இடவில்லை. தாம் கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரை இட்டார். அந்தணரான அவர், வேளாளர் குலத்தில் பிறந்த அடியாரின் பெயரால் வழிப்போக்கர்க்கெல்லாம் நீர் வார்த்தார். அவ்வழியே வந்த நாவுக்கரசர் தம் பெயரைப் பந்தலில் கண்டு வியந்து வினவுமிடம், காவியத்தின் சிறந்த காட்சிகளுள் ஒன்று. கொடுத்த கை தன்னை மறைத்துக்கொண்டதால் அந்தத் தண்ணீர் இன்றளவும் நினைக்கப்படுகிறது.

சிக்கரியும் திருவிளையாடலும்

காப்பி இந்த வரிசையில் மிகப் பிந்தி வந்த விருந்தாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாட்டு மலைகளில் ஐரோப்பியர் தோட்டங்கள் பெருகின. அந்நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும்தான் அது தமிழ் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றியது. பழையதையும் நீராகாரத்தையும் தள்ளிவிட்டு வந்த இப்புதுப் பழக்கத்தை அக்காலத்துப் பெரியவர் பலர் கண்டித்தனர். காப்பி எவ்வாறு ஒரு வகுப்பாரின் அடையாளமாயிற்று, தேநீர் எவ்வாறு உழைப்பாளர் பானமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் வெளியான 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் ஆராய்ந்திருக்கிறார். நூலின் தலைப்பே நம் மலர்க் கட்டுரைகளுக்கு ஒரு மென்மையான கண்டிப்பு. தொன்றுதொட்டு வந்த தமிழ்ப் பண்பாடு என்று நாம் உரிமை கொண்டாடும் பானத்துக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அதிகம் இராது.

காப்பியை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்களுள் புதுமைப்பித்தனுக்கு ஈடில்லை. 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சென்னைத் தெருவில் தோன்றிய கடவுளை ஓட்டலுக்கு அழைத்துச் செல்கிறார் கந்தசாமிப் பிள்ளை. காப்பியைப் பருகிய கடவுள் அதன் சுவையில் தம் திருவிளையாடலையே காண்கிறார். அது உம்முடைய விளையாட்டன்று, ஓட்டல்காரன் கலந்த சிக்கரியின் விளையாட்டு என்று திருத்துகிறார் பிள்ளை. காசு கொடுக்க வேண்டிய இடத்தில் கடவுள் நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு.

இதை வெறும் நகைச்சுவையாகப் படிப்பவர் பலர். எனக்கு இது விருந்தோம்பல் மாறிப்போனதைக் காட்டும் காட்சியாகவே தோன்றுகிறது. ஓட்டலில் காப்பியைக் கொண்டுவந்து வைப்பவன் உண்டு, கொடுப்பவன் இல்லை. கொடுத்த கையின் இடத்தைப் பில் பிடித்துக்கொள்கிறது. அங்கே கடவுளுக்கும் நிற்க நிழலில்லை, நோட்டுக்குத்தான் மதிப்பு. பின்னர்ப் பிள்ளையின் வீட்டில் அவருடைய சிறுமகள் கடவுளைத் தாத்தாவாக்கிக்கொண்டு விளையாடும்போதே அவர் உண்மையில் விருந்தினராகிறார். கதையின் நடுவே இவ்விரு இடங்களையும் எதிரெதிரே நிறுத்திய ஆசிரியரின் திறத்தை நாம் போதிய அளவு பாராட்டவில்லை.

தோட்டத்துக் கைகள்

காப்பிக் கடையைக் கண்டு சிரித்த அதே புதுமைப்பித்தன், அதற்கு முன்பே தேயிலைத் தோட்டத்தைக் கண்டு கலங்கியவர். 1935இல் எழுதிய 'துன்பக்கேணி'யில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகச் செல்லும் மருதியின் வாழ்வு சிதைவதைச் சொல்கிறார். கதை ஆங்காங்கே இழுபட்டு நிற்பது உண்மைதான். பின்னாளைய கதைகளின் கட்டுக்கோப்பு இதில் இல்லை. ஆயினும் கோப்பையின் அடியில் என்ன இருக்கிறது என்று தமிழ்ச் சிறுகதை அத்துணை முன்னதாகவே கேட்டுவிட்டது என்பது பெருமைக்குரியது.

அந்தக் கேள்வியை விரித்துரைத்தது பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான நாவல். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் 'எரியும் பனிக்காடு' என வந்தது. டேனியல் தோட்டப் பகுதியில் மருத்துவராகப் பணியாற்றியவர். கங்காணியின் ஆசைவார்த்தையை நம்பி ஆனைமலைக்கு ஏறும் கருப்பனும் வள்ளியும், முன்பணம் என்னும் கண்ணியில் சிக்கிக் குளிரிலும் காய்ச்சலிலும் உழல்வதை மருத்துவரின் கண்ணால் பதிவு செய்கிறார். 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படம் இந்நாவலைத் தழுவியது. இவற்றைப் படித்தபின் தேநீரை ருசிக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. நம் நினைவில் அடுக்களைக் கைக்கு அப்பால் இன்னும் பல கைகள் சேர வேண்டும் என்பதே செய்தி.

உயரத்திலிருந்து விழும் நீர்

1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' என்னும் தன்வரலாற்றில் ஒரு காட்சி. ஊர்ப் பெரிய வீட்டில் வேலை செய்யும் பாட்டிமாருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். வீட்டுப் பெண்கள் நான்கடி உயரத்திலிருந்து நீரை ஊற்ற, இவர்கள் கைகளைக் குவித்து வாயருகே வைத்து ஏந்திக் குடிக்கிறார்கள். கலமும் கையும் படக்கூடாது. கையும் கையும் படவே கூடாது.

கலித்தொகையில் நாம் குறித்துவைத்த தொலைவு இதுதான். அங்கே, நீர் வார்க்கும்போது ஒருவன் முன்கையைப் பற்றும் அளவுக்கு நெருக்கம். இங்கே நான்கடி. இரண்டும் தமிழ் வீட்டு வாயில்களே. இரண்டும் நம் இலக்கியமே. பாமா இதனை அலங்காரம் எதுவுமின்றிப் பேச்சுத்தமிழில் சொல்லிச் செல்கிறார். அந்த எளிமையே அதன் வன்மை. தேநீர்க் கடைகளில் சாதிக்கொரு குவளை வைத்த வழக்கத்தையும், 'பிராமணாள்' என்று ஓட்டல்களில் எழுதி வைத்ததை எதிர்த்து 1957இல் பெரியார் மறியல் நடத்த நேர்ந்ததையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். நமக்கு இனிய நினைவாக இருக்கும் அதே பானம், அதே ஊரில் பிறந்த இன்னொருவருக்கு வேறொரு நினைவைத் தந்திருக்கக்கூடும். சங்க மலர் அனைத்துத் தமிழர்க்கும் உரியதாயின், அந்த நினைவுக்கும் அதில் இடம் வேண்டும்.

நினைவை எழுதும் முறை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நினைவுக் கட்டுரைகளை மதிப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மணத்தையும் நிறத்தையும் எத்துணை நுட்பமாக வருணித்தாலும், கொடுத்தவர் முகம் தெரியாத கட்டுரை விளம்பரப் பலகைக்கு அருகில் போய் நிற்கும். அளவு குறைந்த நாளில் யாருக்கு முதலில் கிடைத்தது, யார் குடிக்காமல் இருந்தார், வாசலில் நின்றவருக்கு எந்தக் குவளையில் தரப்பட்டது என்று சொல்லும் கட்டுரை, வருணனையில் எளிதாக இருப்பினும் இலக்கியத்தின் பக்கம் சேரும். ஔவையாரின் கள்ளும் கபிலரின் கலங்கல் நீரும் அவ்வாறு நிலைத்தவையே.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பில்டரையும் காப்பிப் பொடியையும் பெட்டியில் வைத்து எங்கும் எடுத்துச் செல்ல இயன்றது. அவற்றோடு பயன்படுத்திய கைகளின் கதையையும் எடுத்து வந்தோமா என்பதை, நம் மக்கள் நாளை படிக்கப்போகும் மலர்களே சொல்லும். வீட்டு அடுக்களையில் அரை நூற்றாண்டு காப்பி கலந்த பெண்கள் பலர் தம் நினைவை எழுதியதே இல்லை. அடுத்த மலருக்கு அவர்களிடம் முதலில் கட்டுரை கேட்போமாக.