சதியெனும் எளிய விடை: 1915ஆம் ஆண்டுக் கலவரம் பற்றிய ஒரு நோக்கு

சதிக் கதைகளை நம்புவோர் கல்வியறிவற்ற பாமரரே என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். 1915 இல் இலங்கையில் நிகழ்ந்தவை இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன.

அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியிற் சிங்களவருக்கும் சோனகருக்குமிடையே மூண்ட கலவரம் சில நாட்களுள் கொழும்புக்கும் பிற பகுதிகளுக்கும் பரவியது. உலகப் போரில் ஈடுபட்டிருந்த ஆங்கிலேய ஆட்சியாளர் இதனை அரசுக்கெதிரான சதியெனக் கருதினர். யேர்மனியரின் தூண்டுதலும் சந்தேகிக்கப்பட்டது. யூன் 2 இல் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலிய மதுவொழிப்பு இயக்கத்தினர் சிறையிலிடப்பட்டனர். ஹென்றி பெதிரிஸ் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி யூலை 7 இற் கொல்லப்பட்டார்.

உயர்கல்வி பெற்ற, சகல தகவல்களையும் திரட்டும் வசதி படைத்த ஆட்சியாளர் இல்லாத சதியை நம்பியதேன்? கலவரத்தின் காரணங்களை ஆராய்ந்தால் தமது ஆட்சியையே ஆராய நேர்ந்திருக்கும். போர்க்காலத்தில் விலைவாசி உயர்ந்திருந்தது. உழைக்கும் மக்கள் இடருற்றிருந்தனர். கலாநிதி குமாரி ஜயவர்த்தன 1970 இல் வெளியிட்ட ஆய்வு இப்பொருளாதார, அரசியற் காரணிகளை எடுத்துக்காட்டுகின்றது. சதியென்ற விடையோ ஆட்சியாளரை அப்பொறுப்பினின்றும் விடுவித்தது.

கலகக்காரரின் மனநிலையும் இதற்குப் புறம்பானதன்று. விலையை உயர்த்திய உலகச் சந்தை அவர்தம் கண்ணுக்குப் புலனாகவில்லை. கடையில் வீற்றிருந்த சோனக வணிகர் புலனாயினர். அமைப்பின் குறைபாட்டைத் தனிமனிதரின் தீயெண்ணமாகக் காண்பதே இரு சாராருக்கும் பொதுவான தவறாகும்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும், 1916 இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலிலும் அரசின் சதிவாதத்தைத் துணிவுடன் மறுத்தார். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை அம்பலப்படுத்திய வகையில் அந்நூலின் பெறுமதி மறுக்கற்பாலதன்று. எனினும், கலவரத்தின் பொறுப்பைக் கரையோரச் சோனகர்மீது சாய்க்கும் போக்கு அவரிடங் காணப்பட்டது. தாக்குண்ட சமூகத்தின் மனத்தில் அது ஆறாத வடுவை ஏற்படுத்தியது. அரசு கற்பித்த குற்றவாளியை அவர் விடுவித்தார். ஆனால் குற்றவாளியொருவரைத் தேடும் சிந்தனைமுறையினின்றும் முற்றாக விடுபட்டாரல்லர்.

ஆகவே, ஒரு சதிக் கதையைப் பொய்யென நிரூபித்தல் மட்டும் போதாது. ‘இதனைச் செய்தவர் யார்?’ என்ற வினாவோடு, ‘இது நிகழக்கூடிய நிலைமை எவ்வாறு உருவாயிற்று?’ என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும். அவ்வினா எழாதவிடத்து, ஒரு சதிக் கதை மறைய மற்றொன்று அதனிடத்தைப் பற்றிக்கொள்ளும். அதற்கு விலை கொடுப்போர் பெரும்பாலும் அயலிலே வாழும் சிறுபான்மையினரே.