நான்கு சொல்லில் ஒரு கேடயம்

நீலப் பரப்பு, அதன் குறுக்கே சரிவாக ஒரு தங்கப் பட்டை. இவ்வளவு எளிய குலச்சின்னம் யாருக்குச் சொந்தம் என்று ஸ்க்ரோப், குரோவ்னர் என்ற இரு ஆங்கிலேய வீரர்கள் 1385 முதல் ஐந்தாண்டு வழக்காடினார்கள். கவிஞர் சாசர்கூட 1386இல் சாட்சி சொன்னார். ஸ்க்ரோப் வென்றார்.

'அஷ்யூர், எ பெண்ட் ஓர்' என்ற நான்கு சொல்லில் அந்தச் சின்னம் முழுதும் அடங்கிவிடுகிறது. படமே தேவையில்லை, குலச்சின்ன மொழியின் இலக்கணம் அறிந்த ஓவியர் எவரும் கேட்டே வரைந்துவிடுவார். அஷ்யூர் என்றால் நீலம், பெண்ட் என்றால் சரிவான பட்டை, ஓர் என்றால் பொன், கூல்ஸ் என்றால் சிவப்பு, சேபிள் என்றால் கறுப்பு, ஆர்ஜென்ட் என்றால் வெள்ளி. எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. வலம், இடம் என்பவையும் கேடயம் ஏந்தியவருக்கு உரியவை, பார்ப்பவருக்கு அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது நிற விதி. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள், நீலம், சிவப்பு, கறுப்பு போன்றவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ, வண்ணத்தின்மேல் வண்ணமோ வரக்கூடாது. போர்க்களப் புழுதியிலும் தொலைவிலிருந்தே சின்னம் பளிச்சென்று தெரிய வேண்டுமே!

பதவி உயர்வும் கண்ணுக்குத் தெரிந்தது. சாதாரண வீரரின் கொடிக்கு வால் உண்டு. அதை வெட்டிச் சதுரமாக்கினால் அவர் 'பேனரெட்', தன் கொடியின் கீழ்ப் படை நடத்தும் தகுதி பெற்றவர். 1367இல் நஹேரா போருக்கு முன் ஜான் சாண்டோஸ் இந்த மரியாதையைப் பெற்றார்.

1484இல் மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் சாசனம் அளித்த குலச்சின்னக் கல்லூரி, இன்றும் லண்டனில் புதிய சின்னங்களை வழங்கி வருகிறது.