காந்தப் பட்டையாக நடிக்கும் சுருள்

சாமி கம்கர் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் 2015ஆம் ஆண்டு நவம்பரில் 'மேக்ஸ்பூஃப்' என்ற சிறு கருவியின் மின்சுற்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். கடன் அட்டையின் முதுகிலுள்ள காந்தப் பட்டையைப் போல இது நடிக்கும். அட்டை இல்லாமலே படிப்பான் ஏமாந்துபோகும்.

இதைக் கேட்டவுடன், எட்ட நின்றே பிறர் அட்டையைக் களவாடும் மந்திரக்கோல் போலும் என்று எண்ணத் தோன்றும். அப்படி அன்று. இக்கருவி எதையும் படிப்பதில்லை. முன்பே அதனுள் எழுதிவைத்த எண்களை ஒப்பிக்க மட்டுமே செய்யும். 'கம்பியில்லா' என்று இதற்குத் தரப்படும் அடைமொழியும் சற்று மிகைதான். இது வானொலி அலை அன்று. பக்கத்திலிருக்கும் தலையைத் தூண்டும் காந்தப்புலம். சற்று விலக்கினாலும் வலு விரைவில் குன்றிவிடும்.

தத்துவம் 1831இல் பாரடே கண்டதுதான். பட்டையில் காந்தத் திசை இடத்துக்கு இடம் மாறி மாறி எழுதப்பட்டுள்ளது. அட்டையை இழுக்கும்போது படிக்கும் தலையின் வழியே காந்தப்பாயம் மாறுகிறது. மின்னழுத்தத் துடிப்பு பிறக்கிறது. தலை அறிவது இந்த மாற்றத்தை மட்டுமே. அட்டை நகர்ந்ததா, அட்டை என்று ஒன்று இருந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே அருகில் ஒரு சுருளை நிறுத்தி, தக்க நேரங்களில் மின்னோட்டத்தின் திசையைத் திருப்பினால் போதும். எட்டுக் கால்கள் கொண்ட ஏடிடைனி85 என்ற நுண்கட்டுப்படுத்தி, சிறு மோட்டார்களை ஓட்டும் ஒரு சிப், மின்கலம், கம்பிச்சுருள்: செலவு பத்து டாலர் அளவே.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. அட்டையின் முதல் தடத்தில் அங்குலத்துக்கு 210 பிட்டுகள், இரண்டாம் தடத்தில் 75. ஒவ்வொரு தடத்தையும் தனித்தனித் தலை படிக்கிறது. சுருளின் புலமோ பரந்து, எல்லாத் தலைகளையும் ஒருசேரத் தாக்கும். என்ன செய்வது? முதல் தடத்தை நேராக அனுப்பிவிட்டு, உடனே இரண்டாம் தடத்தைத் தலைகீழாக அனுப்புகிறார்! அட்டை போய்த் திரும்பி வந்ததாகப் படிப்பான் நினைத்துக்கொள்கிறது. பழுத்த பொறியாளர்களும் மெச்சக்கூடிய யுக்தி.

ஆனால் அடிப்படைக் கருத்து புதிதன்று. லூப்பே நிறுவனம் இதே வழியைக் கையாண்டது. 2015 பிப்ரவரியில் சாம்சங் அதை வாங்கித் தன் தொலைபேசிகளில் சேர்த்தது. கம்கர் தந்தது திறந்த விளக்கம்.

அவர் மறைத்தவை இரண்டு. தொலைந்த அட்டைக்கு மாற்றாக வரும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையின் எண்ணைப் பழைய எண்ணிலிருந்தே கணிக்க முடிவதைக் கண்டார்; அந்தக் கணக்கை வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் அட்டையைப் பறிகொடுத்தவர் இரண்டாம் முறையும் பறிகொடுக்க நேரும். மறைத்தது முற்றிலும் சரி.

'இவ்வட்டையில் சிப் உண்டு' என்று படிப்பானுக்குச் சொல்லும் எண்ணை மாற்றும் பகுதியையும் நீக்கிவிட்டார். இதில் எனக்கு மனக்குறை. அந்த எண் எங்கே இருக்கிறது, அதன் பொருள் என்ன என்பது சர்வதேசத் தரநிர்ணயத்திலேயே உள்ளது. நீக்கியதால் காக்கப்பட்டது சொற்பமே. காவல் இருக்க வேண்டிய இடம் வங்கி. பட்டையிலுள்ள சரிபார்ப்பு எண் இந்தச் சேவை எண்ணையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஒன்றை மாற்றினால் மற்றது பொருந்தாது. ஒழுங்காகச் சரிபார்க்கும் வங்கி கண்டுகொள்ளும். சரிபார்க்காத வங்கியை எந்த மௌனமும் காப்பாற்றாது.

சிப் ஒவ்வொரு முறையும் புதிய விடை தருகிறது. பட்டை என்றும் ஒரே பாட்டைப் பாடுகிறது. இந்தியாவில் பட்டை மட்டும் கொண்ட அட்டைகளை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றும்படி ரிசர்வ் வங்கி பணித்தது. 2033க்குள் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு 2021இல் அறிவித்தது. அதுவரை சிப் அட்டையின் முதுகிலும் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாணவர்கள் இக்கருவியைச் செய்ய வேண்டுமென்பதில்லை. பழைய டேப் ரிக்கார்டரின் தலையை அலைவுகாட்டியில் இணைத்து, காலாவதியான தம் அட்டை ஒன்றை அதன்மேல் சீராக இழுத்துப் பார்க்கட்டும். துடிப்புகள் திரையில் தெரியும். மெதுவாக இழுத்தால் அவற்றின் உயரம் குறைவதையும் காணலாம்.