படக்கருவியும் கொழுந்துக் கூடையும்

அன்றாட வாழ்வையும் பயண நினைவுகளையும் திரைப்பட எழிலோடு படம்பிடிப்போர் இன்று பெருகியுள்ளனர். இவ்வார்வத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும், அவ்வெழில் யார் பொருட்டு என்று வினவாதிருத்தல் இயலாது.

1934 இல் பசில் ரைட் உருவாக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' இவ்விடத்து நினைக்கத்தக்கது. தேயிலைப் பிரசார சபையின் பொருட்டு எடுக்கப்பட்ட அப்படம் வெறும் விளம்பரமாக முடிந்துவிடவில்லை. உழைப்போரின் காட்சிகளோடு சந்தை விலை கூறும் குரல்களை இணைத்து, உழைப்பை வணிகம் விழுங்குவதை ரைட் புலப்படுத்தினார். அது கலையின் வெற்றி. எனினும் அதன் வர்ணனை, றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலினின்றும் எடுக்கப்பட்டது. படித்தவர் லயனல் வென்ட். கொழுந்து பறித்த பெண்ணோ தன் வாழ்வைத் தன் வாயாற் கூறினாளில்லை.

இன்று மலையகப் புகையிரதத்திலிருந்து படம்பிடிப்போர் பசுஞ்சரிவையும் மூடுபனியையும் காண்கின்றனர். லயன் அறைகள் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அங்கு வாழ்ந்தோரின் பிரஜாவுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த வரலாறும் பனியில் மறைகிறது.

ஒளியும் நிழலும் உத்திகள். அவற்றுக்கு உயிர் தருவது மனிதரை நோக்கும் பார்வை. தோட்டத் தொழிலாளியின் பிள்ளையின் கையிலும் இன்று கைத்தொலைபேசி உண்டு. 1934 இல் ஒலியாத குரல் அதிலிருந்து எழட்டும். அதைக் கேட்கும் செவியை ஆசிரியரும் மாணவரும் வளர்ப்பாராக!