கட்டியக்காரன் தேவைப்படும் சினிமா

1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தாவில் தொடங்கிய திரைப்படச் சங்கம், உலக சினிமாவோடு பார்வையாளர் ஒழுக்கம் ஒன்றையும் இங்கே நிறுவியது. விளக்கு அணைந்தால் வாய் திறக்கக் கூடாது. விவாதமெல்லாம் படம் முடிந்தபிறகுதான். 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகாவும் இந்த மரபில் வந்ததே. பெர்க்மனுக்கு இந்த மௌனம் பொருந்தும். ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைச் சுற்றி எடுத்த படங்களுக்குப் பொருந்தாது.

பெர்ரி ஹென்ஸலின் 'தி ஹார்டர் தே கம்' (1972) படத்தில், பாடகனாகும் கனவோடு கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்கு வரும் ஐவனாக ஜிம்மி கிளிஃப் நடித்தார். பாட்டுக்கு அவனுக்குக் கிடைப்பது இருபது டாலர். முடிவில் கையில் துப்பாக்கி. ஐவன் கொட்டகையில் 'ஜாங்கோ' என்ற கௌபாய் படம் பார்க்கும் காட்சியில் கூட்டம் திரையைப் பார்த்துக் கூச்சலிடுகிறது. தன் பார்வையாளர் யாரென்று படமே சொல்லிவிடுகிறது. லண்டனில் திரையிட்டபோது ஹென்ஸல் பிரிக்ஸ்டன் தெருவில் நின்று தானே துண்டறிக்கை கொடுத்து ஆள் சேர்த்தார். 'ராக்கர்ஸ்' (1978) படத்தில் இசைக்கலைஞர்கள் தங்களாகவே நடித்தார்கள். 'பாபிலோன்' (1980) லண்டனின் கறுப்பின இளைஞர்களையும் அவர்களுடைய சவுண்ட் சிஸ்டத்தையும் பற்றியது. நம்மூர்த் திருவிழா மைக் செட்டுக்கு ஒரு கட்சியும் கொள்கையும் இருந்தால் எப்படியோ, அப்படி.

சங்க மரபை உடைத்தவர்களும் உண்டு. 1984இல் கேரளத்தில் ஜான் ஆபிரகாம் குழுவினரின் ஒடேசா, ஊர் ஊராகச் சாப்ளின் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தது. 2006இல் கோரக்பூரில் தொடங்கிய 'பிரதிரோத் கா சினிமா' என்ற திரைவிழா இயக்கம் விளம்பரதாரர்களைத் தவிர்த்துப் பார்வையாளர் நன்கொடையில் நடக்கிறது. இரண்டுமே பணத்தின் கேள்விக்கு விடை கண்டன. இசையால் நகரும் படத்தை எப்படிக் காட்டுவது என்பது வேறு கேள்வி.

அதற்கான விடை சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் மண் இது. இங்கே தர்மராஜா கோயில் பாரத விழாக்களில் பகலில் கதை சொல்வார்கள், இரவில் கூத்து. கூத்தில் கட்டியக்காரன் கதையை விளக்குவான், கேலி செய்வான், ராஜாவையே மடக்குவான். கிங்ஸ்டன் கொச்சை புரியாததால் அமெரிக்காவில் ஹென்ஸலின் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டார்கள். இங்கே ரெகே படம் திரையிட்டால், தமிழிலும் தெலுங்கிலும் விளக்க ஒரு கட்டியக்காரன் போதும். மௌனப்பட காலத்தில் திரையருகே நின்று கதை சொன்னவர்களும் அந்த வேலையைத்தான் செய்தார்கள்.

செய்முறையில் கவனம் வேண்டும். உரிமையாளர் அனுமதி முதல் படி. பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டு திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாவென்றால் மத்திய அமைச்சகத்திடம் விலக்குக் கோரலாம். கஞ்சாப் புகை நிறைந்த படங்கள் என்பதால் இடத்தையும் பார்ப்பவர் வயதையும் யோசித்தே முடிவுசெய்ய வேண்டும். ப்ரொஜெக்டர் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பாஸ் அதிரும் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் நடத்தாமலிருப்பதே மேல்.

தொடக்கத்துக்கு 'ராக்கர்ஸ்' நல்லது. ராஸ்தாஃபாரிகளின் நியாபிங்கி மேளத்தோடு தொடங்கும் அந்தப் படத்தில், களவுபோன மோட்டார் சைக்கிளைத் தேடும் கதையை யாரும் பின்தொடரலாம். படத்துக்கு முன்பு உள்ளூர் டப்பு, பம்பைக் கலைஞர்களை, உரிய சம்பளம் கொடுத்து, வாசிக்கச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் இடையில் விசிலடித்தால் அதட்ட வேண்டாம்.