பாயின்ட் தரிசனம்

கொடைக்கானல் வேன்காரர்கள் விற்கும் ஒரு நாள் டூரில் எனக்குப் புகார் ஒன்றுதான். அதில் கொடைக்கானல் இல்லை. பாயின்ட் பாயின்ட்டாக இறக்கிவிட்டு, 'இருபது நிமிஷம் சார்' என்கிறார்கள். ஏரி இயற்கையில்லை, மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் தேக்கியது என்று யாரும் சொல்வதில்லை. 1909-ல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஆய்வகத்தில் வேன் நிற்பதில்லை. குணா குகைக்கு மட்டும் அரைமணி, வேலிக்கு இப்பால் நின்று செல்ஃபி எடுக்க. எங்களோடு வந்த பெரியம்மா ஏழாவது பாயின்ட்டில் இறங்கவே இல்லை. 'நான் வேன்லயே கொடைக்கானல் பாத்துக்கறேன், நீங்க போங்கடா!'

நீங்கள் ஐந்தாறு பேரா? வார நாளில் போய் இரண்டு ராத்திரி தங்குங்கள். (சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல்.) மூட்டம் ஏறுமுன் கோக்கர்ஸ் வாக். மறுநாள் தாண்டிக்குடி: காபித் தோட்டம், கற்திட்டைகள். வாடகையை ஆறாகப் பிரித்தால் கையைக் கடிக்காது.